மிளகாய்க்குப் பக்கத்தில் நிழல் தேயிலை

2025 ஏப்ரல் 26, சனிக்கிழமை, பிற்பகல் 1 மணி 40 நிமிடம். வானத்தில் மேகம் இல்லை. காற்று அறவே நின்றுபோயிருந்தது. எதிர்வீட்டுத் தென்னையில் ஓர் ஓலைகூட அசையவில்லை. நிழலில் வெப்பம் 37 டிகிரி. தீவின் கரையோர ஊரான அக்காள்மடத்தில் எங்கள் வீட்டு மாடிப்படிகள் பதினேழு. பதினாறாவது படியில் ஐந்து லிட்டர் தண்ணீர் கேனோடு நின்று, மாடித் தரையில் விரித்திருந்த என் பழைய வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேனைக் கீழே வைத்துவிட்டு ஏறியிருக்கலாம். சமையலறையில் தேயிலை டப்பா காலியாகத் திறந்து கிடந்ததைக் கண்டதும் அது தோன்றவில்லை.

வேட்டியின் முக்கால் பங்கில் குண்டு மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. மீதிக் கால் பங்கில் ஒரு செய்தித்தாள். நான்கு மூலைக்கும் நான்கு கூழாங்கல். அதன் மேல், காலையில் கரும்பச்சையாக இருந்து இப்போது வைக்கோல் நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு கைப்பிடித் தூசு.

அது ஜப்பானியத் தேயிலை. கியோகுரோ என்று பெயர். மணிப் பனித்துளி என்று அர்த்தமாம். பறிப்பதற்கு முன் இருபது நாள் செடிகளின் மேல் கறுப்புத் துணி போட்டு மூடி, வெயில் படாமல் வளர்ப்பார்கள். அதன் விலை, அதன் மணம், அதன் பெருமை எல்லாம் அந்த இருபது நாள் நிழலில்தான் இருக்கிறது. அதை என் மனைவி ராமநாதபுரத்துச் சித்திரை வெயிலில், மிளகாய்க்குப் பக்கத்தில் காயப்போட்டிருந்தாள்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு அந்தத் தேயிலை எனக்குத் தேவைப்பட்டது. எதற்கு என்று சொல்லிவிடுகிறேன்.

என் ஒரே மகள் ஏழு ஆண்டுகளாக ஜப்பானில் வேலை பார்க்கிறாள். வயது முப்பத்தொன்று. அங்கே ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாக ஒன்றரை ஆண்டுக்கு முன் சொன்னாள். பையனுடைய தந்தை தேயிலை விவசாயி. அவரோடு ஒருமுறை வீடியோவில் பேசுங்கள் என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். எங்கள் பக்கம், அதாவது சிக்கல் என்ற ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களில், சம்பந்தம் பேசப் போகிறவர்கள் பேச்சு முடிவாகும் வரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள். குடித்துவிட்டால் சம்மதம் என்று பொருள். நான் அதைச் சொல்லித் தப்பித்தேன்.

“முடிவாகாம அந்த வீட்டுல நான் கை நனைக்க முடியாது” என்றேன்.

“அய்யா, போன்ல எப்படிக் கை நனைப்பீங்க?” என்று கேட்டாள்.

உண்மையில் வேறு காரணம் எதுவும் அகப்படாமல் சொன்னது அது. அவள் அதை அப்படியே அந்த விவசாயியிடம் சொல்லிவிட்டாள். அவர் சிரிக்கவில்லையாம். நியாயமான வழக்கம் என்று சொன்னாராம். மார்ச் கடைசியில் அவருடைய தோட்டத்துத் தேயிலை நூறு கிராம் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது.

அன்று இரவே மகள் போன் செய்தாள். “அய்யா, ஏப்ரல் இருபத்தேழு ஞாயித்துக்கிழமை, நம்ம ஊர் நேரம் பதினோரு மணிக்கு, அவங்க அப்பாவோட போன்ல வருவேன். அவங்க அங்க குடிப்பாங்க, நீங்க இங்க அந்தத் தேயிலையப் போட்டுக் குடிங்க. நீங்க குடிச்சா சம்மதம்னு எடுத்துக்கிறேன். குடிக்கலன்னா அதுவும் சரிதான். இனிமே இதப் பத்தி உங்ககிட்ட கேக்க மாட்டேன்.”

இனிமே கேக்க மாட்டேன் என்பதைப் பேச்சு முடிவதற்குள் மூன்று முறை சொன்னாள். குரல் கோபமாக இல்லை. கோபமாக இருந்திருந்தால் நானும் கோபப்பட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

குடித்துவிடுவது என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் ஓர் உப்பளத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன் நான். பாத்தி நீரின் அடர்த்தியை அளப்பது, உப்பின் ஈரத்தை அளப்பது, மாதிரி தேறியது அல்லது தேறவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. தேறாத மாதிரியைத் தேறியது என்று ஒருநாளும் எழுதியதில்லை. என் மகளின் கல்யாணத்துக்கு நான் கொடுக்கப்போகும் ஒப்புதல் ஒரு கோப்பைத் தேநீர் என்றால், அந்தத் தேநீர் சரியாக வந்திருக்க வேண்டும். அதற்குள் போடக் கற்றுக்கொள்ள வேண்டும். இருந்தது முப்பது நாள்.

முதல் கோளாறு என்னுடையது அல்ல. பார்சல் வந்த மறுநாள் காலை, நான் செய்முறையைப் படித்துக்கொண்டிருந்தபோதே, மனைவி பாலைக் கொதிக்க விட்டு இரண்டு கரண்டித் தேயிலையை அள்ளிப் போட்டுச் சீனியும் கலந்துவிட்டாள். பால் பச்சையாகப் பொங்கியது. ஒரு வாய் குடித்துப் பார்த்து, “கடப்பாசியப் பால்ல வேகவச்ச மாதிரி இருக்கு” என்றாள்.

அவளும் சிக்கல் பக்கத்துக்காரி. கல்யாணமாகி இந்தத் தீவுக்கு வந்து முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகியும், கடற்கரையில் பெண்கள் முங்கி எடுத்து மணலில் பரப்பும் பாசியின் வாடை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பக்கம் பஸ் போனால் சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொள்வாள். மிச்சத்தை எடை போட்டேன். 93 கிராம். ஏழு கிராம் போயிற்று.

மகள் அனுப்பிய செய்முறை இது: தேயிலை ஐந்து கிராம், தண்ணீர் அறுபது மில்லி, வெப்பம் ஐம்பது டிகிரி, நேரம் இரண்டு நிமிடம். ஆட்டக் கூடாது, கலக்கக் கூடாது, கடைசிச் சொட்டு வரை வடிக்க வேண்டும். இலை பாதியைக் குடித்துக்கொண்டு மீதியைத்தான் நமக்குத் தரும். மூன்று வாய் வந்தால் அதிகம்.

நான் வடித்து வைத்த கோப்பையைப் பார்த்து மனைவி கேட்டாள்: “இது என்ன, கண்ணுக்கு விடுற மருந்தா?”

எனக்கும் அதே எரிச்சல்தான். ஐம்பது டிகிரி என்பது பெரிய தொல்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்ற வேண்டும். ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் பத்து டிகிரி குறையும் என்று மகள் எழுதியிருந்தாள். எங்கள் சமையலறையில் ஆறு டிகிரிதான் குறைந்தது. எட்டு முறை மாற்றினால் ஒருவழியாக ஐம்பதுக்கு வரும். அதற்குள் தண்ணீர் சிந்திச் சிந்தி அளவு கெட்டுப்போகும். பகல் இரண்டு மணிக்கு மாடித் தொட்டிக் குழாயைத் திறந்தால் 47 டிகிரியில் தண்ணீர் தானாகவே வருகிறது. பயன் என்ன? அது உப்பு.

தண்ணீர்தான் என்னைத் தோற்கடித்தது. எங்கள் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் கையடக்கக் கருவி ஒன்று வாங்கி அளந்தேன், 2,900 காட்டியது. அதில் போட்ட தேநீர் கசந்தது. பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறை வரும். அதில் மருந்து வாடை. கேன் தண்ணீர் 38 காட்டியது, ஆனால் அதில் சாரமே இல்லை. தேநீர் நனைந்த காகிதம் போல இருந்தது. போர் தண்ணீரையும் கேன் தண்ணீரையும் ஒன்றுக்குப் பத்து, ஒன்றுக்கு இருபது என்று கலந்து பார்த்தேன். கசப்பு குறைந்தது. வேறு எதுவும் வரவில்லை. பத்து நோட்டம், அதாவது பத்துச் சோதனை, பார்த்து, பத்துக்கும் எதிரே ‘தேறவில்லை’ என்று எழுதினேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். இவற்றில் எதையும் நான் விழுங்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் மாதிரியை நாக்கில் வைப்போம், வாய்க்குள் சுற்றுவோம், துப்பிவிடுவோம், விழுங்குவது முறையல்ல. அதோடு, இருபத்தேழாம் தேதிக்கு முன்னால் விழுங்கிவிட்டால் கை நனைத்ததாகிவிடும். அதனால் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் அதில் துப்பினேன். மனைவி அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்குத் துப்புகிறேன் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளாகக் கூடவே இருப்பவளுக்குச் சொல்லாமலே தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

மெயின் ரோட்டில் டீக்கடை வைத்திருப்பவருக்கு ஐம்பது வயதிருக்கும். இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சிறுவயதில் படகேறி வந்து, மண்டபம் முகாமில் வளர்ந்தவர். அவருடைய தாய் கொழுந்து பறித்தவர். பத்தாவது நோட்டமும் கெட்ட அன்று, இலையைக் கொஞ்சம் காகிதத்தில் மடித்து அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூக்கில் வைத்தவர் வெகுநேரம் கழித்துத்தான் மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“சார், இது எங்கம்மா மலையிலருந்து எறங்கி வாறப்ப சேலையில அடிக்கிற வாசம். கடையில விக்கிற தூளுல இது வராது.”

“எனக்கு வெறும் கசப்புதான் வருது தம்பி.”

“என்ன தண்ணி?”

சொன்னேன். எண்களோடு சொன்னேன். அவர் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

“இங்கன இருக்க தண்ணிக்கு நாங்க பாலையும் சீனியையும் போட்டுத் தப்பிச்சிக்கிட்டிருக்கோம். நீங்க பாலும் இல்லாம சீனியும் இல்லாம அதுக்கு நேரா நெஞ்சக் காட்டுறீங்க.” கடைக்குள் போய் ஒரு அரை லிட்டர் பாட்டிலை எடுத்து வந்தார். “தங்கச்சிமடத்துப் பக்கம் ஒரு தோப்புக் கெணத்துத் தண்ணி. எனக்குக் குடிக்க வச்சிருக்கேன். கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்க. அப்பறம் ஒண்ணு சார், துப்பித் துப்பிப் பாக்குறீங்கன்னு கேள்விப்பட்டேன். என் கடை வாசல்ல துப்பிறாதீங்க, யாவாரம் போயிரும்.”

ஊருக்கே தெரிந்திருந்தது. எப்படித் தெரிந்தது என்று அப்போது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. சட்டைப்பையில் இருந்த கருவியால் அங்கேயே அளந்து பார்த்தேன், தண்ணீர் 190. வீட்டுக்கு நடையாய் வந்தேன்.

பதினோராவது நோட்டம், ஏப்ரல் 24, வியாழன், காலை 7 மணி 15. தேயிலை ஐந்து கிராம், மீதி 38. முதலில் நாக்கில் ஒன்றும் தெரியவில்லை. இதுவும் போயிற்று என்று பேனாவை எடுத்துவிட்டேன். அப்போது நாக்கின் இரண்டு ஓரத்திலும் கனமாக ஏதோ வந்து உட்கார்ந்தது. உப்பை முப்பத்து நான்கு ஆண்டு சுவைத்தவன் சொல்கிறேன், அதில் உப்பு இல்லை. ஆனால் உப்பு செய்கிற வேலையை அது செய்தது. வாய் ஊறியது. நண்டு அவித்த தண்ணீரின் அடியில் ஓர் இனிப்பு இருக்குமே, அது இருந்தது. பாசி வாசனையும் இருந்தது. மணலில் காய்ந்து நாறுகிற பாசி அல்ல; தண்ணீரிலிருந்து அப்போதுதான் கையில் எடுத்த பாசி. கசப்பு எங்கோ கடைசியில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

அதையும் கிண்ணத்தில் துப்பினேன். முறைப்படிதான் துப்பினேன். ஆனால் அது இன்றுவரை உறுத்துகிறது. ‘தேறியது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இனிக் கவலையில்லை என்று நினைத்தேன். கைவசம் 38 கிராம். ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டியது ஐந்து. தண்ணீர் மட்டும் புதிதாகக் கொண்டு வர வேண்டும். சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஆட்டோ பிடித்து அந்தத் தோப்புக்குப் போனேன். தோப்புக்காரர் இல்லை. அவர் வரும் வரை ஒரு மணி நேரம் ஐம்பது நிமிடம் கிணற்றுமேட்டில் உட்கார்ந்திருந்தேன். ஐந்து லிட்டர் பிடித்துக்கொண்டு வீடு திரும்பியபோதுதான் காலி டப்பாவைப் பார்த்தேன், மாடி ஏறினேன்.

மனைவி வேட்டியின் மறு ஓரத்தில் குத்தவைத்து மிளகாயைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

“இது என்ன?” என்றேன்.

“காயப்போட்டிருக்கேன்.”

“அது தெரியுது. எதுக்கு?”

“நமுத்துப் போச்சு. பன்னெண்டு தடவ தொறந்து தொறந்து மூடுனா கடக்காத்துல நமுக்காம என்ன செய்யும்? ஒரே பாசி வாட. அன்னைக்கு வந்தப்பவே இருந்துச்சு, கப்பல்லயே நமுத்திருக்கும். நல்ல வெயிலு ஒண்ணு காட்டுனா போயிரும்.”

“பன்னெண்டு இல்ல. பதினோரு தடவை.”

“கணக்க மட்டும் விட்டுறாதீங்க.”

“இத நிழல்ல வளக்குறாங்க. வெயில் படக்கூடாதுன்னு இருபது நாள் துணி போட்டு மூடுறாங்க. உனக்குச் சொல்லியிருக்கேன்.”

“வளக்குறப்ப மூடுவாக. அதுக்காகப் பறிச்ச பெறகும் காயப்போடாம வச்சிருப்பாகளா? மல்லியா, உளுந்தா, புளியா, எத நாம வெயிலு காட்டாம டப்பாவுல போட்டிருக்கோம்? எங்கூட்டு மொளகா மூணு வருசம் வண்டு விழாம கெடக்கு.”

எங்கள் ஊர்ப்பக்கம் வீட்டுக்குள் வரும் எந்தப் பொருளுக்கும் முதல் மரியாதை மாடி வெயில்தான். என் ஆத்திரம் எல்லாம் எண்களாகத்தான் வந்தது.

“எத்தனை மணிக்குப் போட்ட?”

“நீங்க ஆட்டோ ஏறுனதும், மொளகாயோட சேத்துப் போட்டேன். பத்தே முக்கால், பத்து அம்பது இருக்கும்.”

“ரெண்டு மணி நேரம் அம்பது நிமிசம்.”

அவள் புரட்டுவதை நிறுத்தினாள். “ஏங்க, ஒரு மாசமா அத வாயில விட்டு விட்டுத் துப்புறீங்க. ஒருதடவ கூட முழுங்கல. நாளைக்குப் பிள்ளை முன்னாடியும் துப்பிட்டீங்கன்னா அவ என்ன செய்வா? வாட போனா முழுங்குவீங்கன்னு நெனச்சேன்.”

நான் கேனைத் தரையில் வைத்தேன். அவள் ஒரு மாதமாக அந்தக் கிண்ணத்தைத்தான் பார்த்திருக்கிறாள். எனக்கு அந்தச் சம்பந்தமே குமட்டுகிறது என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

“மகட்ட இதச் சொன்னியா?”

“சொன்னேன். கேக்குறா, என்ன சொல்ல? அய்யா துப்பிக்கிட்டே இருக்காருன்னு சொன்னேன்.”

“அது சோதனை. சோதனைல முழுங்க மாட்டாங்க.”

“அது எனக்கு எப்படித் தெரியும்? சொன்னீங்களா?”

கீழே போய்த் தெர்மாமீட்டரை எடுத்து வந்து செய்தித்தாளுக்கு அடியில் வைத்தேன். 56 டிகிரி. இலையைக் கூட்டி அள்ளி எடை போட்டேன். 36.4 கிராம். போன 1.6 கிராம் ஈரமா, காலைக் காற்றில் பறந்ததா, மிளகாயோடு கலந்ததா தெரியவில்லை. மாலையில் நல்ல தண்ணீரில், ஐம்பது டிகிரியில், இரண்டு நிமிடம் ஊற வைத்து ஒரு நோட்டம் பார்த்தேன். தேநீர் பழுப்பாக வந்தது. காய்ந்த புல், பழைய காகிதம், கடைசியில் தொண்டையில் ஓர் எரிச்சல். மிளகாய்த் தூசு. துப்பினேன். மனைவி பார்த்தாள், நான் துப்பியதைத்தான் பார்த்தாள்.

டீக்கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“வேற எங்கயாச்சும் கெடைக்காதா சார்?”

“நாளைக்குக் காலைல பதினோரு மணிக்குள்ள எங்க கெடைக்கும்?”

“அப்ப பாலும் சீனியும்தான் கதி” என்றார். பிறகு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு டீயைக் காசு வாங்காமல் கொடுத்தார். அதை விழுங்கினேன்.

ஞாயிறு, ஏப்ரல் 27. காலை 10 மணி 20-க்குத் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். மனைவி சுங்குடிச் சேலை கட்டி, தலைக்குப் பூ வைத்து, போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்தாள். இரண்டு பேரும் முந்தின நாளிலிருந்து பேசிக்கொள்ளவில்லை. எடை போட்டேன், எட்டு முறை பாத்திரம் மாற்றினேன், ஐம்பது டிகிரிக்குக் கொண்டு வந்தேன். எல்லாம் சரி, இலையைத் தவிர. கை தன் பழக்கத்தில் கிண்ணத்தை எடுத்து வலப்பக்கம் வைத்திருந்ததை நான் கவனிக்கவில்லை.

11 மணி 2 நிமிடத்துக்கு அழைப்பு வந்தது. மகளும் அந்த விவசாயியும் தோட்டத்தில் நின்றிருந்தார்கள். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. தொப்பி, ரப்பர் பூட்ஸ். பின்னால் வரிசை வரிசையாகக் கறுப்புத் துணி. இந்த ஆண்டுச் செடிகளை அப்போதுதான் மூடியிருக்கிறார்கள். அன்று ஆறாவது நாள் என்றார். அவர் கையில் ஒரு சிறிய கோப்பை. குனிந்து வணங்கினார். நானும் கும்பிட்டேன்.

என்ன தண்ணீர், எத்தனை டிகிரி என்று கேட்டார். மகள் மொழிபெயர்த்தாள். 190, ஐம்பது டிகிரி, இரண்டு நிமிடம் என்றேன். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். பிறகு கோப்பையைத் தூக்கிக் காட்டிவிட்டுக் குடித்தார்.

நானும் ஒரு வாய் எடுத்தேன். முந்தின மாலை இருந்ததைவிட மோசம். புல்லும் காகிதமும் நாக்கில் பரவின. மிளகாய் தொண்டையைத் தேடிக் கிளம்பியது. தேறவில்லை. வாய் தானாகக் கிண்ணத்தின் பக்கம் திரும்பியது.

போனில் மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் என் மனைவியும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விழுங்கினேன். மிளகாய் ஏறி இருமல் வந்தது. ஏழு முறை இருமினேன்.

“எப்படி இருக்குன்னு கேக்கறாங்க அய்யா” என்றாள் மகள். குரல் சரியாக இல்லை.

“மோசம்.”

அவள் மொழிபெயர்க்கவில்லை. மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு, “நல்லாருக்குன்னு சொன்னா என்ன கொறஞ்சா போவீங்க” என்றாள்.

“நான் சொல்றத அப்படியே சொல்லு. அவர் தேயிலைல தப்பில்ல. வியாழக்கிழமை அது நல்லா வந்துச்சு, அத நான் எழுதி வச்சிருக்கேன். நேத்து அது வெயில்ல கெடந்துச்சு. தப்பு எங்க வீட்டுப் பக்கம்.”

மகள் சொன்னாள். சொல்ல வெகுநேரம் எடுத்தது. அவர் அசையாமல் கேட்டார். கையிலிருந்த கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் ஏதோ கேட்டார்.

“எத்தனை மணி நேரம்னு கேக்கறாங்க.”

“ரெண்டு மணி நேரம் அம்பது நிமிசம். தரை அம்பத்தாறு டிகிரி. பக்கத்துல குண்டு மொளகா.”

அவர் கோப்பையை மகளிடம் கொடுத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எழுதினார். மூன்றையும் எழுதினார். எழுதிவிட்டுத் திருப்பி வாசித்துச் சரி பார்த்தார். இலையில் வெயில் வாடை என்பது அவர்கள் பக்கம் ஒரு பெரிய குறையாம். நாற்பது ஆண்டுகளாக அதற்குப் பயந்து மூடி மூடி வைத்திருக்கிறாராம். இவ்வளவு முழுமையாக அதை ஒருவர் செய்து பார்த்து இப்போதுதான் கேள்விப்படுகிறாராம். இதைச் சொல்லும்போது அவர் சிரித்தாரா என்று தொப்பி நிழலில் எனக்குத் தெரியவில்லை. யார் காயப்போட்டது என்று கேட்டார். மனைவி சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். அவளுக்கும் ஒரு முறை குனிந்து வணங்கினார்.

அந்த மிளகாய் எப்படி இருக்கும் என்று அடுத்துக் கேட்டார். மனைவி உள்ளே ஓடிப்போய் ஒரு கை அள்ளி வந்து போன் முன்னால் நீட்டினாள்.

“அய்யா” என்றாள் மகள், மொழிபெயர்ப்பாக அல்லாமல். “முழுங்கிட்டீங்களா?”

“முழுங்கிட்டேன்.”

“துப்பலயே?”

“கிண்ணத்தக் காட்டவா?”

கிண்ணத்தை எடுத்துப் போனுக்கு நேராகச் சாய்த்துக் காட்டினேன். காய்ந்து இருந்தது. கோப்பையில் இன்னும் இரண்டு வாய் மிச்சம் இருந்தது. அதையும் அவள் பார்க்கக் குடித்தேன். மகள் போனை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். பதினான்கு விநாடி கறுப்புத் துணி மட்டும் தெரிந்தது. காற்றில் அது லேசாக ஏறி இறங்கியது. மனைவி, “அழாத தாயி” என்றாள். அவளும் அழுதுகொண்டுதான் சொன்னாள்.

முப்பத்து நான்கு ஆண்டுகளில் தேறாத ஒரு மாதிரியைத் தேற்றியது அன்று ஒருநாள்தான். நோட்டில் அதற்கு எதிரே என்ன எழுதுவது என்று தெரியாமல் இடத்தை விட்டிருக்கிறேன். கல்யாணம் கார்த்திகையில், முதலில் அங்கே பதிவு, பிறகு நயினார்கோவிலில் மாலை மாற்றுவது. புதுத் தேயிலை அனுப்புவதாக அந்த விவசாயி சொல்லியிருக்கிறார். அதை அலமாரியில் பூட்டிச் சாவியை நான் வைத்துக்கொள்வதாக இருக்கிறேன்.

எரிச்சல் இதோடு முடியவில்லை. மறுநாளே மனைவி சிக்கலில் எங்கள் காட்டில் விளைந்த மிளகாயில் ஒரு கிலோவைப் பொறுக்கி எடுத்து, இன்னொரு நாள் வெயில் காட்டி, துணியில் கட்டி, ஜப்பானுக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று நின்றாள். வெறுங்கையாக இருப்பது முறையில்லையாம். மிளகாய்க்கு விலை போடக் கூடாது என்றும் சொல்லிவிட்டாள், போடவில்லை. அதை அனுப்பிய கூலி மட்டும் 3,260. இலவசமாக வந்த தேயிலைக்கு வாசலில் கட்டிய சுங்க வரி 1,140. தராசு 650, தண்ணீர் அளக்கும் கருவி 450, தெர்மாமீட்டர் 380, வடிகட்டி 60, மூன்று கேன் தண்ணீர் 105, தோப்புக்குப் போன ஆட்டோ 150. டீக்கடைக்காரர் கொடுத்த டீக்குக் காசு நீட்டினேன், அவர் வாங்கவில்லை. மூன்று வாய்த் தேநீர், மொத்தம் ஆறாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றைந்து ரூபாய்.